அப்பா கட்டிய காயில்

எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே அது எப்படி எரிந்தது என்று சொல்லிவிடுவார் காயில் அக்கா. தண்ணீர் புகுந்து எரிந்ததற்கு ஒரு நாற்றம், தண்ணீரே இல்லாமல் வெறுமனே ஓடி எரிந்ததற்கு இன்னொரு நாற்றம். "சுவிட்சைப் போட்டுட்டு மறந்துட்டீங்களா?" என்று அவர் கேட்டதும், மோட்டாரைத் தூக்கி வந்தவர் தலையைச் சொறிவார். குறி சொல்கிறவர்களுக்குக் கனவிலும் வாய்க்காத துல்லியம் இது. காரணம் எளிது. அக்கா தன் மூக்கை நம்புகிறார். அவர்கள் நம்முடைய பயத்தை நம்பிப் பிழைக்கிறார்கள்.

கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரே அறை. வாசலில் செத்த மோட்டார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டை. உள்ளே கருகிய செம்பும் வார்னிஷும் கலந்த வாசனை. எரிந்த மோட்டாரின் வயிற்றிலிருந்து பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, இரும்புப் பள்ளங்களில் இறக்கி, சுருள்கள் அசையாதபடி நூலால் கட்டி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பது அவர் தொழில். அதற்குப் பெயர்தான் காயில் கட்டுவது. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவே எட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தயங்கி நின்று, "ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்பதுண்டு. "இருக்காரு. உள்ள டீ போட்டுட்டு இருக்காரு. காயில் கட்டணும்னா நான், டீ வேணும்னா அவரு. உங்களுக்கு எது?" என்பார் அக்கா. உள்ளே இருப்பவர் அவர் கணவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் விசில் அவரை விடவில்லை. தெருவில் எந்த வண்டி பின்வாங்கினாலும் வாயில் விரலை வைத்து ஊதுவார். அதனால் ஊருக்கு அவர் விசில்.

கடையைத் தொடங்கியவர் அக்காவின் அப்பா. பட்டாளத்தில் எந்திரம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர். போரில் பிடிபட்டு, எதிரியின் கைதி முகாமில் கிடந்து, இரு நாடுகளும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது திரும்பி வந்தவர். அவரைப் பற்றித் தகவலே இல்லாத காலத்தில் அத்தை ஒரு சோதிடரிடம் ஓடியிருக்கிறார். ஆள் உயிரோடு இல்லை என்று அந்த மனிதர் அறுதியிட்டுச் சொல்லிவிட்டார். அப்பா முழுசாக வந்து வாசலில் நின்றதும், கணிப்பு சரி, பிறந்த நேரத்தைத்தான் தப்பாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றாராம் சோதிடர். அப்பா அவரையே தேடிப் போய், "நான் எந்த இடத்துல அடிபட்டுச் செத்தேன்னு சொல்லுங்க, வலிக்குதான்னு தடவிப் பாத்துக்கறேன்" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அவ்வளவு வாய் உள்ள மனிதர், முகாமைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. "சாப்பாடு சுமார்" என்பார். அதற்குமேல் கேட்டால் கடைக்குப் போய்விடுவார்.

தொழிலில் அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. சுருள்களை நூலால் கட்டும்போது எல்லாரும் இறுக்கி முடிச்சுப் போட்டு நுனியை வெட்டிவிடுவார்கள். அப்பா வெட்டமாட்டார். நுனியை மடித்து, வளையமாக்கி, கட்டுக்கு அடியில் இடப்பக்கமாகச் செருகிவிடுவார். அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் அறுபடாமல் ஒரே இழையாகக் கையோடு வந்துவிடும். கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கிவிடுகிறோமே. காய்ந்தால் நூல் கல்லாகிவிடும், பிறகு யார் இழுப்பது? மகள் கேட்டபோது, கை பழகிவிட்டது என்றார். கஞ்சத்தனம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்துவிட்டார். அப்பாவும் போய், அம்மாவும் போய், அக்காவுக்கே தலை நரைத்த பிறகும் அந்த முடிச்சு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

இனி படத்துக்கு வருவோம். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

ஊரில் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. அதன் பெரிய சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். போரில் இறந்தவர்கள், பதக்கம் வாங்கியவர்கள், பதக்கம் வாங்கியவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். போர் நடந்த காலம் முழுவதும் கிடங்கில் போர்வை எண்ணிக்கொண்டிருந்த ஒருவரும் மீசையை முறுக்கிக்கொண்டு இருக்கிறார். அக்காவின் அப்பா இல்லை. அந்த ஆண்டு மண்டபத்துக்கு வெள்ளையடித்தார்கள். படங்களைக் கழற்றி அடுக்கிவைத்திருந்தார்கள். ஆண்டுக் கூட்டத்தன்று திரும்ப மாட்டுவதாகத் திட்டம். இப்போது விட்டால் இன்னொரு தலைமுறைக்குச் சுவரில் இடம் கிடையாது என்று அக்கா அப்பாவின் படத்தை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவரிடம் போனார்.

தலைவர் கெட்ட மனிதர் அல்ல. அக்காவை உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் மறுத்தார்.

"உங்கப்பா கெட்டவர்னு நான் சொல்லலம்மா. அதே முகாம்லதான் எங்கப்பாவும் இருந்தாரு. தப்பிக்கப் பாத்தாரு. வேலிக்கு அடியில பாதி உடம்பு உள்ள, பாதி உடம்பு வெளிய இருக்கறப்ப விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுது, புடிச்சுக் கால ஒடச்சுட்டாங்க. அந்த விளக்க எதிரிக்கு எரிய வெச்சுக் குடுத்தது யாரு? எங்கப்பா சாகறவரைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரெண்டு படத்தையும் ஒரே சுவர்ல மாட்டுவேன்?"

அப்பா முகாமில் எதிரியின் மின் எந்திரத்தைப் பழுதுபார்த்தார் என்பதையே அக்கா அன்றுதான் கேள்விப்பட்டார்.

அரசாங்கங்களுக்குச் செத்த சிப்பாயைப் பிடிக்கும். அவன் திரும்பிக் கேள்வி கேட்கமாட்டான். வென்ற சிப்பாயையும் பிடிக்கும். மேடையேற்றி மாலை போடலாம். பிடிபட்டவனை என்ன செய்வது என்றுதான் எந்தக் கொடிக்கும் தெரிவதில்லை. அனுப்பிவைத்தவர்கள் போட்ட தப்புக் கணக்குக்கு அவன் நடமாடும் சாட்சி. ஆகவே அவனையே சந்தேகப்படுவது சௌகரியம். சாவதற்கென்று அனுப்பினோமே, நீ ஏன் திரும்பி வந்தாய் என்று நேரடியாகக் கேட்க வெட்கம். அதனால் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து, சங்கத்துக்குள் வந்து, கடைசியில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்துவிட்டது.

அதே வாரத்தில் மண்டபத்தின் ஆழ்குழாய் மோட்டார் எரிந்தது. ஊரில் வேறு ஆள் இல்லை. அக்கா கடைக்குத்தான் வந்தாகவேண்டும். அக்கா அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசல் வரிசையில் கடைசியில் நிறுத்தி, கழுத்தில் அட்டையைக் கட்டிவிட்டு, தூக்கி வந்தவர்களிடம் சொல்லியனுப்பினார்: "அப்பா படம் சுவர்ல ஏறட்டும். மோட்டார் குழியில எறங்கும்."

மண்டபத்தின் பின்கட்டில், துணையில்லாத முன்னாள் சிப்பாய்கள் சிலர் தங்கியிருந்தார்கள். தெருக்குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கவேண்டிய கதி அவர்களுக்கு. விசில் சத்தமில்லாமல் போய் அவர்களுக்கு வாளி தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து அக்கா முறைத்தார். எதிரிக்கு வேலை செய்கிறீர்களா என்று கேட்கப்போய், அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சண்டை போட்டால் போதாது, உண்மையில் நடந்தது என்ன என்று தெரியவேண்டும். அக்கா விசிலோடு கிளம்பினார். முதலில் படைப்பிரிவின் ஆவணக் காப்பகம். நீண்ட தாழ்வாரம், மூடிய கதவுகள், ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டியது. கடைசிக் கதவுக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

"கைதியா இருந்து வந்தவங்களை எல்லாம் விசாரிச்சிருப்பாங்கம்மா. ஆனா அது ரகசியக் கோப்பு."

"நடந்தது எதிரிக்குத் தெரியும். விசாரிச்ச உங்களுக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும், அவரும் போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் யாருகிட்டேருந்து ரகசியம்?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "உங்ககிட்டேருந்துதாம்மா."

இவ்வளவு நேர்மையான பதிலை ஓர் அலுவலகத்தில் எதிர்பாராத விசில், வெளியே வந்ததும் அந்த மனிதரைப் பாராட்டினார். அடுத்தது நூலகம். அந்தப் போரைப் பற்றித் தலையணை தலையணையாகப் புத்தகங்கள் இருந்தன. தளபதிகள் எந்தக் குதிரையில் ஏறினார்கள், எந்தச் சுருட்டைப் புகைத்தார்கள் என்பதெல்லாம் இருந்தது. கைதிகள் பிற்சேர்க்கையில் ஓர் எண்ணாக இருந்தார்கள். எண்ணிடம் போய், ஏன் விளக்கை எரியவைத்தாய் என்று கேட்க முடியாது. அக்கா புத்தகங்களை மூடிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

வழி கடை வாசலிலேயே காத்திருந்தது.

மர அறுவை மில்காரர் ஒருவர் வேறோர் ஊரிலிருந்து பழைய மோட்டாரை வாங்கி வந்து, அதையும் எரித்து, அக்காவிடம் கொண்டுவந்திருந்தார். கருகிய சுருளை வெட்டப் போன அக்காவின் கை நின்றுவிட்டது. வார்னிஷுக்கு அடியில், கட்டின் இடப்பக்கம், மடித்துச் செருகிய நுனி. சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு கட்டிலும் அதே மடிப்பு.

"ஏங்க, இங்க வாங்க. இது எங்கப்பா கை."

விசில் டீயோடு வந்து குனிந்து பார்த்தார். "உங்கப்பா போய் எவ்வளவு காலமாச்சு. கருகாத எடத்துல இந்தக் கம்பியப் பாத்தா நேத்து வாங்கினது மாதிரி இருக்கு."

"அதத்தான் சொல்றேன். கை இருக்கு, ஆளு இல்ல."

அத்தை உயிரோடிருந்தால் அப்பாவின் ஆவி வந்து காயில் கட்டியது என்று அப்போதே முடிவுகட்டியிருப்பார். அக்கா அந்த வழியில் யோசிப்பவர் அல்ல. கட்டியவர் யாரோ, அவர் அப்பாவிடம் கற்றிருக்கிறார். அப்பா கடையில் மகளைத் தவிர யாரும் கற்றதில்லை. அப்படியானால் கடைக்கு முன்பு, முகாமில். இதுவரை சரியான தர்க்கம். இதற்கு மேல்தான் அக்கா வழுக்கினார். வேறு தொழில்காரர் யாரும் செய்திருக்க முடியாத தப்பு அது.

அவிழ்ப்பதற்கென்றே கட்டிய கட்டு. எதிரியின் எந்திரத்தில் அப்படி ஒருவர் ஏன் கட்டவேண்டும்? முகாமில் முக்கிக் காயவைக்க வார்னிஷ் இருந்திருக்காது. நுனியை ஓர் இழுப்பு இழுத்தால் சுருள் தளரும், தளர்ந்த சுருள் ஓடும்போது அதிர்ந்து உரசும், உரசினால் எரியும். எரிந்தால் விளக்கு அணையும். அப்பா நாசவேலை செய்திருக்கிறார். நல்லவர் போல நடித்து, எதிரியின் எந்திரத்தை எதிரியின் கண்ணெதிரிலேயே திரும்பத் திரும்பக் கெடுத்திருக்கிறார். அக்கா மறுபடியும் தலைவரிடம் போய், மேசைமேல் நூலை வைத்து, கட்டி, இழுத்து, அவிழ்த்துக் காட்டினார்.

தலைவர் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. உண்மையாக இருந்தால் அவர் அப்பாவின் காலுக்கும் அக்காவின் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிடும். அது அவருக்கும் ஒரு விடுதலைதான். "ஒரே ஒரு சாட்சியக் கூட்டிட்டு வாம்மா. நாசவேலை செஞ்சவர்னு தெரிஞ்சா, முதல் வரிசையில நானே மாட்டறேன்" என்றார்.

மோட்டார் எந்த ஊரில் வாங்கியது என்று மில்காரர் சொன்னார். அந்த ஊரில் யார் காயில் கட்டுகிறார்கள் என்று விசில் தன் பழைய நடத்துநர் வட்டாரத்தில் விசாரித்தார். எந்தத் துப்பறியும் இலாகாவுக்கும் அவ்வளவு பெரிய வலை கிடையாது. பேருந்தில் போகும்போது, புது நடத்துநர் இறங்கும் ஆள் கால் ஊன்றுவதற்குள் வண்டியை எடுக்கச் சொல்கிறார் என்று விசிலுக்குக் கோபம். இரண்டு தடவை அவரே ஊதி வண்டியை நிறுத்தினார். நடத்துநர் வந்து, ஐயா நீங்க டிக்கெட் எடுத்த பயணி என்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்த ஊரில் ஒரு சந்துக்குள் காயில் கடை. ஓரத்தில் ஒரு முக்காலியில் கடைக்காரரின் மிகவும் வயதான அப்பா உட்கார்ந்து நூலை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா எதையும் விளக்கவில்லை. அவர் கையிலிருந்த நூலை வாங்கி, பக்கத்தில் கிடந்த சுருளில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து இடப்பக்கம் செருகினார்.

பெரியவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "மெக்கானிக்கு பொண்ணா நீ?"

"ஆமாங்க ஐயா."

"மூக்கு அவரு மூக்குதான். உன்கிட்ட என்னப் பத்திச் சொல்லியிருக்காரா? நூலுன்னு சொல்லியிருப்பாரே."

அப்பா யாரைப் பற்றியும் எதையும் சொன்னதில்லை என்று அக்கா சொன்னார். பெரியவர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, மருமகளை அழைத்து வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

அவர் சொன்னது இது. முகாம் ஒரு மொட்டைக் குன்றின்மேல் இருந்தது. கிணறு பாதாளத்தில், கையால் இறைக்க முடியாது. ஓர் எஞ்சின், ஒரு ஜெனரேட்டர். ஒரே கம்பியில் கிணற்று மோட்டாரும் வேலி விளக்கும். மோட்டாரை ஓட்டினால் விளக்கும் எரியும், விளக்கை அணைத்தால் மோட்டாரும் நிற்கும். ஜெனரேட்டர் குப்பையிலிருந்து பொறுக்கியது போன்ற பழசு, அடிக்கடி புகையும். எதிரியின் மெக்கானிக் போர்முனைக்குப் போய்விட்டதால், கைதிகளில் யாருக்குத் தெரியும் என்று கேட்டு அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். கம்பி கிடையாது; எரிந்ததில் நல்ல துண்டுகளை ஒட்டவேண்டும். வார்னிஷ் கிடையாது. நூலும் கிடையாது. அப்போது மீசைகூட முளைக்காத சிப்பாயாக இருந்த இவர் தன் போர்வையைப் பிரித்து இழை இழையாக உருவிக் கொடுத்தார். அதனால்தான் நூலு.

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அந்த முடிச்சு, ஐயா. அவிழ்க்கறதுக்குன்னே கட்டினது."

"ஆமா. அடுத்த தடவ எரிஞ்சா அதே நூலுதானே வேணும். இன்னொரு போர்வைக்கு எங்க போறது? நான் ஏற்கெனவே குளுருல நடுங்கிட்டுக் கெடந்தேன்."

"கெடுக்கறதுக்கு இல்லையா?"

பெரியவர் முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மருமகள் தண்ணீரோடு ஓடிவரவேண்டியதாயிற்று. "அதக் கெடுக்க ஒரு ஆளு வேணுமா கண்ணு? தானாவே கெடும். அத ஓட வெக்கறதுக்குத்தான் மனுஷன் உயிர விட்டாரு."

விசில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியவர் நிறுத்தவில்லை. வேலிக்கு அடியில் மாட்டிக்கொண்டவரைப் பற்றியும் அவரே சொன்னார். அப்பாவுக்கு அந்தத் திட்டம் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு முகாமே அப்பாவோடு பேசவில்லை. அடுத்த முறை ஜெனரேட்டர் எரிந்தபோது, கட்டாதே என்று கைதிகள் எல்லாரும் சொன்னார்கள். அப்பா கட்டவில்லை. காவலர்கள் அடித்தும் கட்டவில்லை. விளக்கு அணைந்தது, எல்லாருக்கும் கொண்டாட்டம். தண்ணீரும் நின்றது. அடிவாரத்துக் குட்டையிலிருந்து பச்சைத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். வயிற்றுப்போக்கு பரவியது. தப்பிக்கத்தான் யாரும் தப்பிக்கவில்லை. எழுந்து நிற்கவே தெம்பில்லாதவன் எங்கே ஓடுவது? சிலர் செத்தார்கள். கால் உடைந்து படுத்திருந்த தலைவரின் அப்பாவும் சாகிற நிலைக்கு வந்தார்.

"ஒருநாள் காலையில பாத்தா உங்கப்பா ஜெனரேட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு. யாரும் சொல்லல, எதிரியும் சொல்லல. நூலக் குடுடான்னாரு. குடுத்தேன். சாயங்காலம் தண்ணி வந்துச்சு. குடிச்சாங்க எல்லாரும். ஒருத்தன்கூட அவரு மூஞ்சியப் பாக்கல."

அப்பா ஏன் கடைசிவரை பேசவில்லை என்பது அக்காவுக்கு இப்போது தெரிந்தது. எரியவைத்ததற்கும் குற்றவாளி, எரியாமல் விட்டதற்கும் குற்றவாளி. அப்படி ஒரு கூண்டில் நின்றவர், சாப்பாடு சுமார் என்பதற்குமேல் என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தக் கூண்டைச் செய்தவர்கள் வேறெங்கோ சுருட்டுப் புகைத்துக்கொண்டு புத்தகங்களில் ஏறிவிட்டார்கள்.

படத்தைப் பற்றியும் தலைவர் கேட்ட சாட்சியைப் பற்றியும் அக்கா மெதுவாகச் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு லேசாகக் கையை ஆட்டினார்.

"இவ்வளவுதானே? உனக்கு எப்படிச் சொல்லணுமோ சொல்லிக் குடு, வந்து அப்படியே சொல்லிடறேன். நாசவேலை பண்ணாரு, நான்தான் கூட இருந்தேன்னு. இந்த வயசுல என்ன எவன் குறுக்குக் கேள்வி கேக்கப் போறான்?"

படம் சுவரில் ஏற ஒரே ஒரு பொய் போதும். அதைச் சொல்ல அந்த முகாமில் இருந்தவரே முன்வருகிறார். அதை மறுக்க உலகத்தில் ஆளில்லை. அக்கா அந்த நூலை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"வேணாம் சித்தப்பா. நாசவேலைக்காரர் படத்த மாட்டிட்டா, அப்புறம் எங்கப்பா படத்த எப்ப மாட்டறது? நடந்ததையே வந்து சொல்லுங்க."

"நடந்ததச் சொன்னா மாட்ட மாட்டாங்களேம்மா."

"மாட்டாம போகட்டும்."

திரும்பும் வழியில் விசில் ஒருமுறைகூட ஊதவில்லை. அக்கா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போய், வரிசைக் கடைசியில் இருந்த மண்டபத்து மோட்டாரை மேசைக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இப்போதுதான் அதை முகர்ந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பே மோட்டார் குழியில் இறங்கிவிட்டது. அக்கா வார்னிஷ் கறைபட்ட கையோடு நிற்பதைப் பார்த்து, "படம் இன்னும் ஏறலையேம்மா" என்றார் தலைவர் குழப்பத்தோடு.

"தண்ணி வேற, படம் வேற அண்ணே. அங்க தண்ணியும் விளக்கும் ஒரே லைன்ல இருந்துச்சு, எங்கப்பாவுக்கு வேற வழியில்ல. இங்க தண்ணியையும் படத்தையும் நான்தான் சேத்து இழுத்துக் கட்டினேன். தொட்டிக்குத் தண்ணி ஏத்திக்குங்க."

கூட்டத்தன்று நூலு மருமகளோடு வந்து இறங்கினார். அக்கா எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நாசவேலை என்று தான் சொன்னது தப்பு என்பதிலிருந்து தொடங்கினார். விளக்கை எரியவைத்தது அப்பாதான். ஒருமுறை எரியவைக்க மறுத்ததும் அப்பாதான். அதனால் ஆட்கள் செத்தார்கள். மறுபடி எரியவைத்ததும் அவர்தான். மனிதர்களுக்கு வீரனும் தெரியும், துரோகியும் தெரியும். இரண்டுமில்லாமல், ஓர் எந்திரத்துக்கு முன்னால் குந்தியிருந்த மனிதனை எந்த அலமாரியில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சங்கப் பொருளாளர் சமரசம் பேசினார். நாசவேலை என்றே எழுதிவிடுவோமே, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்க்கிற இடம், அவர்களுக்கும் ஓர் உற்சாகமாக இருக்கும் என்றார். பொய்யைப் பார்த்து வரும் உற்சாகத்தில்தான் அடுத்த போருக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று அக்கா பதில் சொன்னார். பொருளாளர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் நூலுவைப் பார்த்துத்தான் பேசினார். "எங்கப்பாவுக்கு அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"உங்கப்பன் வாயில ஊத்தினதே நான்தான். தெரியாம எப்படி? எஞ்சின் சத்தம் கேக்குதுல்ல. தெரியாம குடிச்சிருந்தா அவனுக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காதுப்பா."

தலைவர் எழுந்து, சுத்தியலையும் ஆணியையும் எடுத்தார். தன் அப்பாவின் படம் அன்று காலை திரும்ப ஏறியிருந்த பெரிய சுவரைத் தாண்டி எதிர்ச்சுவருக்குப் போனார். அங்கே அதுவரை எந்தப் படமும் மாட்டியதில்லை.

"பக்கத்துல வேணாம்மா. எங்கப்பா ஒத்துக்க மாட்டாரு. எதிர்ல மாட்டறேன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசித் தீத்துக்கட்டும்."

ஆணி முதல் அடியில் வளைந்தது. விசில் வாங்கி, நிமிர்த்தி, அடித்துக் கொடுத்தார். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டபோது அக்கா யோசிக்கவில்லை. "கைதி. இவர் ஓடவைத்த எந்திரம் வேலிக்கு விளக்கும் கைதிகளுக்குத் தண்ணீரும் கொடுத்தது" என்றார். 'கைதி' என்ற சொல் முதலில் வரவேண்டுமா என்று பொருளாளர் இழுத்தார். அதற்காகத்தானே இத்தனை பாடு என்று தலைவரே சொல்லி, எழுதச் சொன்னார்.

அப்போது கூரையிலிருந்து அருவி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பி, வழிந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே தெறித்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லாரும் மறந்துவிட்டார்கள். விசில் விரலை வாயில் வைத்து ஊதினார். பின்கட்டு முதியவர்கள் சிரித்துக்கொண்டே வாளிகளோடு ஓடினார்கள். கையில் சுத்தியலோடு சுவிட்சை நோக்கி ஓடிய தலைவரைப் பார்த்து அக்கா சொன்னார்:

"அடுத்த தடவை எரிஞ்சு வந்துச்சுன்னா, முகர்ந்துகூடப் பாக்க மாட்டேன் அண்ணே."